41 பாடல்களும் ஓர் இரவும்

பழைய பாடல்களை விரும்பாதார் அரியர். வயது ஏற ஏற, புதிதாய்க் கேட்பவை செவியோடு நின்றுவிடுகின்றன. இளமையில் கேட்டவையோ உள்ளத்தில் குடியேறி, வாடகையும் தராமல், வெளியேறவும் மறுத்துவிடுகின்றன. இவ்விருப்பத்தைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஆயினும் 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பெருமூச்சு விடும்போது எதை நினைக்கிறோம், எதை வசதியாய் மறக்கிறோம் என்னும் கேள்வி எழாமல் இல்லை. நினைவு ஒருவகை அன்பு. அன்பு என்றால் அது உண்மையோடு ஒத்துப்போக வேண்டும் அன்றோ? இக்கேள்வியை நமக்குள் எழுப்பிய ஒரு திரைப்படத்தையும் அதன் பாடல் தொகுப்பையும் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் வெளியான 'அமெரிக்கன் கிராஃபிட்டி' என்னும் படமே அது. இயக்கியவர் ஜார்ஜ் லூகாஸ்; தயாரித்தவர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. பின்னாளில் விண்வெளிப் போர்க் கதைகளால் உலகப் புகழ்பெற்ற லூகாஸ், அப்போது முப்பது வயதும் நிரம்பாத இளைஞர். தாம் பிறந்து வளர்ந்த கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரையே கதைக்களமாக்கினார். 1962-ஆம் ஆண்டுக் கோடையின் இறுதியில் ஒரு மாலையில் தொடங்கி மறுநாள் காலையில் முடிகிறது கதை. நண்பர் நால்வர். கர்ட், ஸ்டீவ் இருவரும் மறுநாள் காலை கல்லூரிப் படிப்புக்காகத் தொலைவிலுள்ள கிழக்கு மாநிலத்துக்குப் புறப்பட வேண்டியவர்கள். ஜான் மில்னர் அவ்வூரின் கார்ப் பந்தய வீரன். டெரி, மூக்குக் கண்ணாடி அணிந்த, எவராலும் பெரிதாய் மதிக்கப்படாத அப்பாவி. இந்நால்வரும் ஊரின் பெருந்தெருக்களில் காரில் மேலும் கீழுமாய்ச் சுற்றிவருவதே படத்தின் பெரும்பகுதி. விடிந்தபோது, தயங்கிய கர்ட் புறப்படுகிறான். துடிப்பாயிருந்த ஸ்டீவ் தங்கிவிடுகிறான். கதை என்று சொல்ல இவ்வளவுதான்.

இவ்வளவு எளிய கதையைத் தாங்கி நிற்பவை பாடல்களே. படத்துக்கென எவரும் பின்னணி இசை அமைக்கவில்லை. மகிழ்ச்சிக்கு ஒரு வயலின், துயருக்கு ஒரு புல்லாங்குழல் என்னும் வழக்கமான ஏற்பாடு எதுவுமில்லை. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் ஒலித்த ராக் அண்ட் ரோல் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கார் வானொலிகளிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. தம்மிடமிருந்த பழைய இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுக் கேட்டவாறே லூகாஸ் காட்சிகளை எழுதினார். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பாடலை மனத்தில் வைத்திருந்தார். படத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 7,77,000 டாலர். அதில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் பாடல்களின் உரிமைகளுக்கே போயிற்று. உரிமையில் இணக்கம் ஏற்படாமையால், அக்காலத்தின் முடிசூடா மன்னராகிய எல்விஸ் பிரெஸ்லியின் குரல் படத்தில் இடம்பெறவே இல்லை. அக்குறை நமக்குப் பெரிதாய்த் தோன்றவில்லை. மன்னர் இல்லாத அவையில் மற்றவர் குரல் தெளிவாய்க் கேட்கிறது.

ஒலியமைப்பாளர் வால்டர் மர்ச் செய்த வேலையையும் இங்குச் சொல்லியாக வேண்டும். பாடல்களையும் அறிவிப்பாளரின் பேச்சையும் சேர்த்து முழு வானொலி நிகழ்ச்சி ஒன்றை முதலில் உருவாக்கினார்கள். பின்பு அதை வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒலிபெருக்கி வழியாக ஒலிக்கவிட்டு, ஒருவர் ஒலிபெருக்கியை அசைக்க, மற்றவர் ஒலிவாங்கியை அசைக்க, திறந்த வெளியில் அது எவ்வாறு கேட்கிறதோ அவ்வாறே மீண்டும் பதிவு செய்தார்கள். இதன் பயனாய், பாடல் ஓரிடத்தில் நெருக்கமாய்க் கேட்கிறது. ஓரிடத்தில் தெருமுனையிலிருந்து வருகிறது. இன்னோரிடத்தில் கடந்து செல்லும் காரோடு கரைந்துபோகிறது. ஒரே பாடல் நூறு கார்களில் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது. தனித்தனிப் பெட்டிகளில் அடைபட்டுச் சுற்றும் இளைஞர்களை ஓர் ஊராக இணைப்பது அந்த ஒலி ஒன்றே. பாடல்களை அலங்காரமாய்ச் சேர்க்காமல், கதை மாந்தர் மூச்சுவிடும் காற்றாகவே ஆக்கிய இத்திறமே இப்படத்தின் தலையாய சிறப்பு எனலாம்.

இப்படத்தின் பாடல் தொகுப்பு இரட்டை இசைத்தட்டாய் வெளிவந்தது. அதில் 41 பாடல்கள். இதைக் குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே தொகுப்பைக் கேட்டவர்கள் பலர். நாமும் அவ்வரிசையில் சேர்ந்தவரே. குருமட நாள்களில் நண்பர் ஒருவர் ஒலிநாடாவில் படியெடுத்து வைத்திருந்ததைக் கேட்டே இப்பாடல்கள் நமக்கு அறிமுகமாயின. பொருள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டபோது, அவை வெறும் களிப்பாகவே தோன்றின. கைத்தாளம், சாக்சஃபோன், நான்கு குரல்கள் சேர்ந்து எழுப்பும் பொருளற்ற ஒலிக்கோவைகள், பதினாறு வயதின் காதல், பள்ளி நடனம் ஆகியவற்றுக்கு மேல் வேறெதையும் அவற்றில் காண இயலவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் படத்தைக் கண்டபோதோ, அதே பாடல்கள் நெஞ்சைக் கனக்கச் செய்தன. பாடல்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இடையில் நேர்ந்தது என்ன?

இதற்கு விடை, பாடல்களுக்கும் அவற்றைக் கேட்பவருக்கும் இடையிலுள்ள காலத்தில் இருக்கிறது. கதை நிகழும் ஆண்டு 1962. படம் வெளியான ஆண்டு 1973. இடையே பதினோராண்டுகளே. ஆனால் அப்பதினோராண்டுகளில் அமெரிக்கா கண்டவற்றை எண்ணிப் பாருங்கள். 1963 நவம்பரில் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். இரண்டே மாதங்களில் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்டார். வியட்நாம் போர் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கரின் உயிரையும், அதைப் போல் பன்மடங்கு வியட்நாமியரின் உயிரையும் குடித்தது. பாடல்கள் இவற்றில் எதையும் அறியா. அரங்கில் அமர்ந்திருந்தவர்களோ அனைத்தையும் அறிந்திருந்தார்கள். அறியாத குரலை அறிந்த செவி கேட்கும்போது பிறக்கும் நோவே இப்படத்தின் மெய்யான இசை.

இதை இயக்குநர் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்குப் படத்திலேயே சான்றுண்டு. நால்வரில் மூத்தவனாகிய மில்னருக்குத் தன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பது உள்ளூரத் தெரியும். தன் காரில் எதிர்பாராமல் வந்து ஏறிக்கொண்ட கேரல் என்னும் சிறுமி, அப்போது புதிதாய் வந்திருந்த பீச் பாய்ஸ் குழுவின் பாடலை ரசிக்கிறாள். அவனோ எரிச்சலுற்று வானொலியை நிறுத்திவிடுகிறான். பட்டி ஹாலி இறந்ததிலிருந்தே ராக் அண்ட் ரோல் சரிந்துவிட்டது என்பது அவன் கட்சி. பட்டி ஹாலி 1959 பிப்ரவரி 3-ஆம் நாள் விமான விபத்தில் இறந்தவர். அப்போது அவருக்கு வயது 22. அதே விமானத்தில் மாண்ட மற்றொருவர் 'பிக் பாப்பர்' என்னும் பாடகர். இவ்விருவர் குரல்களும் இத்தொகுப்பில் உள்ளன. அதாவது, 1962-இன் அந்த இரவில் அவ்விளைஞர்கள் சிரித்து மகிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்த குரல்களிலேயே இறந்தோர் குரல்களும் இருந்தன. இளைஞனும் தன் பொற்காலம் கழிந்துவிட்டது என எண்ணக்கூடும் என்பதையும், பழம்பாடலை விரும்பும் நோய் முதியோருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் இக்காட்சி மெல்லிய நகைச்சுவையோடு காட்டுகிறது.

படத்தின் முடிவே இதனினும் கூர்மையானது. விமானம் மேலெழும்புகிறது. கர்ட் கையிலுள்ள சிறு வானொலியில் ஊரின் பாடல் மங்கி, இரைச்சலாகி, அற்றுப்போகிறது. பின்பு திரையில் நால்வரின் படங்களும், அவர்களுக்குப் பின்னர் நேர்ந்தவையும் எழுத்தில் வருகின்றன. மில்னர் 1964 டிசம்பரில் குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த வண்டியால் உயிரிழந்தான். டெரி 1965 டிசம்பரில் வியட்நாமின் ஆன் லோக் அருகே போரில் காணாமற்போனான். ஸ்டீவ் மொடெஸ்டோவில் காப்பீட்டு முகவர். கர்ட் கனடாவில் வாழும் எழுத்தாளர். கனடாவில் ஏன் என்று படம் சொல்லவில்லை. கட்டாயப் படைச்சேவையை மறுத்து எல்லை கடந்த இளைஞர்களை அறிந்திருந்த அக்காலப் பார்வையாளருக்குச் சொல்லவும் தேவையில்லை. இந்த நான்கு வரிச் செய்திகளுக்குப் பின் எழுகிறது இறுதிப் பாடல். அது பீச் பாய்ஸ் குழுவினுடையது, கோடைக்காலத்தின் இன்பத்தைப் பாடுவது, 1964-இல் வெளிவந்தது. மில்னர் வெறுத்த குழு. அவன் இறந்த ஆண்டின் பாடல்! இதைத் தற்செயல் என்று கொள்ள நம் மனம் இடங்கொடுக்கவில்லை. பழமையில் தங்கிவிட விரும்பியவனைக் காலம் எவ்வாறு கடந்து சென்றது என்பதை ஒரு சொல்லுமின்றி உணர்த்திய இடம் அது.

இவ்வளவு பாராட்டியபின், இப்படத்தின் நினைவு எங்கே பார்வை மழுங்குகிறது என்பதையும் சொல்வதே நேர்மை.

முதலாவது, அந்த இறுதி எழுத்துகளில் நான்கு ஆண்கள் மட்டுமே உள்ளனர். ஸ்டீவுக்காகக் கண்ணீர் வடித்த லோரி எங்கே? டெரிக்கு அந்த ஓர் இரவேனும் மதிப்புக் கொடுத்த டெபி எங்கே? சிறுமி கேரல் என்னவானாள்? படம் வெளியான காலத்திலேயே திறனாய்வாளர் பாலின் கேல் இக்குறையைச் சுட்டிக்காட்டினார். ஆஸ்கர் விருதுக்கு இப்படம் ஐந்து பிரிவுகளில் முன்மொழியப்பட்டது. அவற்றில் நடிப்புக்கான முன்மொழிவு ஒன்றே ஒன்று. அது டெபியாக நடித்த கேண்டி கிளார்க்குக்கு உரியது. நடித்தவர் நினைக்கப்பட்டார், நடிக்கப்பட்ட பெண் மறக்கப்பட்டாள். பாடல்களில் பாதிக்கும் மேல் பெண்ணை நோக்கிப் பாடப்பட்டவை என்பதை எண்ணும்போது, இம்மறதி இன்னும் உறுத்துகிறது.

இரண்டாவது, தொகுப்பின் உறையை எடுத்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். சக் பெர்ரி, ஃபேட்ஸ் டோமினோ, பிளாட்டர்ஸ், ஃபிளமிங்கோஸ், ஸ்பேனியல்ஸ், ஹார்ட்பீட்ஸ், ஓரியோல்ஸ்: இவர்கள் கறுப்பினத்தவர். குரல்கள் பின்னிப் பின்னி எழும் அப்பாணியை ஆலயப் பாடகர் குழுக்களிலும் தெருமுனைகளிலும் கற்றுத் தேர்ந்த அச்சமூகத்தின் கொடையே இவ்விசையின் பெரும்பகுதி. ஓரியோல்ஸ் குழு 1953-இல் பாடி, இத்தொகுப்பிலும் இடம்பெற்ற ஒரு பாடல், சிற்றாலயத்தில் கண்ணீரோடு வேண்டி அமைதி பெற்ற ஒருவனைப் பற்றியது. இறைவேண்டலுக்கும் இவ்விசைக்கும் இடையே சுவர் எவ்வளவு மெல்லியது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் திரையில் அவர்கள் முகம் எங்கே? மொடெஸ்டோவின் தெருக்களில் கறுப்பின முகத்தைத் தேடித்தான் காண வேண்டும். கதையை நடத்திச் செல்லும் மாந்தருள் ஒருவரும் அவ்வினத்தவர் அல்லர். பள்ளி நடனத்தில் மேடையேறிப் பாடும் குழுவும் வெள்ளையரே. குரல் வரவேற்கப்பட்டது, குரலுக்கு உரியவர் வாசலுக்கு வெளியே நின்றார்.

ஃபிராங்கி லைமன் என்னும் சிறுவனின் கதை ஒன்று போதும். மூடர் ஏன் காதல் வயப்படுகின்றனர் என்று வினவும் புகழ்பெற்ற பாடலைத் தன் நண்பர்களோடு பாடிப் பதிந்தபோது அவனுக்கு வயது 13. 1956-இல் அது நாடெங்கும் ஒலித்தது. 1968-இல், 25 வயதில், நியூயார்க்கில் போதை மருந்தால் அவன் மாண்டான். அப்பாடலை ஆக்கியோர் யார் என்னும் வழக்கு பல்லாண்டுகள் நீடித்தது. குழுவிலிருந்த இருவருக்கு உரிமையுண்டு என 1992-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு காலங்கடந்து தொடுக்கப்பட்டது எனக் கூறி, 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. காலங்கடந்தது! பழம்பாடல்களைக் காலங்கடந்தவை எனக் கொண்டாடும் உலகில், அவற்றைப் பாடியோரின் நீதிமட்டும் காலங்கடந்ததாகிவிட்டது.

இதற்கு ஒரு மறுமொழி கூறப்படலாம். அதில் நியாயமும் உண்டு. 1962-இல் சிற்றூர் வெள்ளை இளைஞன் வாழ்ந்த உலகம் அவ்வாறே இருந்தது. வானொலி ஒன்றில்தான் இரு இனத்தவரும் அருகருகே அமர்ந்திருந்தனர். படம் அதை உள்ளபடியே காட்டியது என்பர். மேலும், ஃபேட்ஸ் டோமினோ 1955-இல் பாடிய பாடலை வெள்ளையரான பேட் பூன் மீண்டும் பாடி விற்பனையில் முதலிடம் பெற்றார் என்பது வரலாறு. லூகாஸ் அந்நகலை விடுத்து, ஃபேட்ஸ் டோமினோவின் குரலையே எடுத்தாண்டார். இது சிறிய நீதியாயினும் நீதியே. ஆகவே இப்படத்தை நாம் தள்ளிவிடவில்லை. அது மறந்த இடங்களையும் சேர்த்து நினைக்குமாறு கேட்கிறோம்.

நம் வாசகர்களுக்கு இங்கே வேறொன்றையும் நினைவூட்டலாம். இப்பாடல்கள் இன்று மாசற்ற இளமையின் சின்னங்களாய்க் கருதப்படுகின்றன. வந்த காலத்தில் நிலை வேறு. படத்தின் முதற்பாடலாகிய பில் ஹேலியின் பாடல், 1955-இல் கட்டுக்கடங்கா மாணவரைப் பற்றிய வேறொரு படத்தில் இடம்பெற்று, பெற்றோர் பலரை அச்சுறுத்தியது. 1957-இல் சிகாகோ பேராயர் கர்தினால் ஸ்ட்ரிட்ச் இவ்விசையைக் கண்டித்தார். மேய்ப்பருக்குரிய கவலையால் அவர் அவ்வாறு செய்தார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், அன்று கெடுதல் எனப்பட்டதே இன்று தூய்மை எனப்படுவதைக் காணும்போது, இன்று நம் இல்லத்துப் பிள்ளைகள் கேட்பவற்றைப் பற்றித் தீர்ப்பிடுமுன் சற்றுப் பொறுத்துக் கேட்பது நலம் என்று தோன்றுகிறது. அவர்களும் ஒருநாள் அவற்றை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள்.

படத்தில் நம்மை மிகவும் கவர்ந்தது, இரவின் நடுவில் கர்ட் வானொலி நிலையத்துக்குச் செல்லும் காட்சி. ஊர் முழுதும் கேட்கும் குரல் வுல்ஃப்மேன் ஜாக் என்னும் அறிவிப்பாளருடையது. அக்காலத்தில் உண்மையாகவே புகழ்பெற்றிருந்த அவரே, தம் பெயரிலேயே நடித்தார், 1995-இல் மறைந்தார். அவரைக் கண்டவர் எவருமில்லை. அவரைப் பற்றிய கட்டுக்கதைகளோ ஏராளம். நிலையத்தில் கர்ட் காண்பதோ, பழுதான குளிர்பெட்டியில் உருகும் ஐஸ் குச்சிகளைத் தின்றுகொண்டிருக்கும் தாடிக்காரர் ஒருவரை. அறிவிப்பாளர் இங்கில்லை, ஒலிநாடாக்கள் மட்டுமே வருகின்றன என்கிறார் அவர். உலகம் பெரிது, அழகியது என்று சொல்லி, தாம் இங்கே ஐஸ் தின்று அமர்ந்திருப்பதையும் கேலியாய்ச் சேர்த்துக்கொள்கிறார். விடைபெற்று வெளியேறும் கர்ட் திரும்பிப் பார்க்கிறான். ஒலிவாங்கியின் முன் அமர்ந்து ஊளையிடுபவர் அவரேதான்.

பழம்பாடல்களை இரவெல்லாம் வழங்குபவரே, 'இங்கேயே தங்கிவிடாதே' என்பதுபோல் இளைஞனை வழியனுப்புகிறார். நால்வரில் அச்சொல்லைக் கேட்டவன் ஒருவனே. பின்னாளில் எழுத்தாளனாகி இக்கதையைச் சொல்லத் தகுதி பெற்றவனும் அவன் ஒருவனே. ஊரை விட்டவனே ஊரை நினைக்க முடியும். பாடல் இரைச்சலில் கரைந்த பின்னரே அது நினைவாகிறது.

ஆதலால், இத்தொகுப்பைக் கேட்க வாய்ப்புள்ளோர் கேளுங்கள், கேட்டு மகிழுங்கள். கேட்கும்போது உறையில் அச்சிட்ட பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். இருபத்திரண்டில் இறந்தவர், இருபத்தைந்தில் இறந்தவர், உரிமை பெறாதவர், முகம் காட்டப்படாதவர் எல்லாரும் அங்கே உள்ளனர். அவர்களையும் சேர்த்துக்கொண்ட பின்னும் அப்பாடல்கள் நமக்கு இனிக்குமாயின், அவ்வினிமையை நாம் ஐயுற வேண்டுவதில்லை.